தீவு பார்க்க வந்த மச்சான்

1

நேற்றுக் காலை எங்கள் ஹோட்டல் மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, ஹோட்டல் விளம்பரத்துக்காக நான் தமிழாக்கிய சிறுபுத்தகத்தின் பிரதிகள் தீர்ந்துவிட்டன, மறுபடி அச்சுக்குக் கொடுக்க வேண்டும், திருத்தம் ஏதேனும் இருந்தால் செய்துகொள் என்றார். தீர்ந்துவிட்டன என்றால் படித்துத் தீர்ந்தன என்று எங்கள் ஊர் போடியில் இருப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. கேக் கட்டிக் கொடுக்க அந்தத் தாள் மெத்தென்று இருப்பதாகச் சமையலறைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நானறிய அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மனைவி காமாட்சியின் அண்ணன் பரமசிவன். படித்ததோடு நிற்காமல் அதை நம்பி, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போடியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிவிட்டார். அவர்கள் வந்து போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. திருத்தம் செய்ய உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. அதனால் முதலில் இதை எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதைத் திருத்தலாம் என்றிருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலில் நான் குமாஸ்தா. ஊருக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் ‘மானேஜருக்கு அடுத்தபடியாக இருக்கிறேன்’ என்று எழுதி வந்தேன். அது பொய்யில்லை. என் மேஜை அவர் அறைக்கு அடுத்தபடியாகத்தான், மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

2

இத்தீவுக்கு வரவேண்டியதன் காரணங்கள் பத்து என்பதுதான் அந்தப் புத்தகத்தின் விஷயம். மூலம் இங்கிலீஷில். மழையிலும் பனியிலும் கிடந்து அலுத்துப்போன சீமைத் துரைமார்கள் படித்துவிட்டுக் கப்பலேற வேண்டும் என்பதற்காக எழுதியது. மதுரைப் பக்கத்து ஜமீன்தார்களும் ஊர் சுற்றக் கூடியவர்கள்தான் என்று யாரோ மானேஜரிடம் சொல்ல, தமிழிலும் போடு என்று என்னிடம் தந்துவிட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் பெயர்த்தேன். முதல் காரணம், இங்கே வருஷம் முழுவதும் கோடை. சீமைக்காரனுக்கு இது சொர்க்கம். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பக்கத்து ராசிங்காபுரத்துக் காட்டில் நின்றவனிடம் இதைச் சொன்னால் அவன் எழுந்து எதிர்த்திசையில் ஓடுவான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. இரண்டாவது, கரையில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து உங்களைப் பற்றிய கவலை முழுவதும் எங்களுடையது. மூன்றாவது, இங்கே வந்தவர்கள் யாரும் லேசில் திரும்பிப் போவதில்லை. இவ்வளவும் இங்கிலீஷில் நன்றாகவே இருந்தன.

வினை வந்தது நான்காவதில். இங்குள்ள மலைகள் ஸ்காட்லாந்தை நினைவூட்டும் என்றிருந்தது. ஸ்காட்லாந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜமீன்தார்களுக்கும் தெரிந்திருக்காது. படிப்பவனுக்குப் பழகிய இடமாக இருக்கட்டுமே என்று ஸ்காட்லாந்தை எடுத்துவிட்டு, போடிக்கு மேலே இருக்கும் குரங்கணி மலையைப் போட்டேன். மானேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குப் பெரிய சுதந்திரம்.

உண்மையில் இந்தத் தீவின் மலையை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வந்த பன்னிரண்டு வருஷத்தில் கொழும்பை விட்டு நகர்ந்ததும் இல்லை. அந்தப் பத்துக் காரணங்களில் நான் நேரில் அறிந்தவை கொழும்பு வெயிலும் கொழும்பு மழையும்தான். மழை பட்டியலில் இல்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘தமிழில் பெயர்த்தவர்’ என்று என் பெயர் இருந்தது. அச்சில் தன் பெயரைப் பார்த்த மனுஷன் சும்மா இருப்பானா? ஒரு பிரதியைத் தபாலில் போடிக்கு அனுப்பினேன்.

3

மச்சான் பரமசிவனுக்குப் பொதிமாடுகள் உண்டு. போடியிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு குரங்கணி போய், அங்கிருந்து செங்குத்தாக மேலேறி ஏலத்தோட்டங்களில் இறக்குவார். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. அவர் மனைவி வெள்ளையம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஏலக்காய் தரம் பிரிப்பதில் கெட்டிக்காரி. முறத்தில் கொட்டியதும், எந்த மலைக் காய், எத்தனை வெயில் பட்டது என்று சொல்லிவிடுவார்.

அந்த மலைப்பாதையில் ஒரு காலைப்பொழுதுக்குள் இங்கிலீஷ்காரன் ராஜ்யத்திலிருந்து திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குப் போய்விடலாம். எல்லையில் ஒரு சவுக்கை, அதாவது சுங்கச்சாவடி, உண்டு. அங்கே இருக்கும் காவல்காரன், “எந்தா அண்ணாச்சி, சுகம் தன்னே?” என்று கேட்டுக்கொண்டே மூட்டையைக் குத்திப் பார்ப்பான். ஏலக்காய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் இரண்டு ராஜ்யத்துக்கும் மிகுந்த அக்கறை. ஆள் எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்று யாரும் கேட்டது கிடையாது. ஐம்பது வயதுவரை அப்படி நடந்து பழகிய மனிதர், கடலையும் ஒரு சவுக்கை என்றுதான் நினைத்துவிட்டார்.

புத்தகம் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தாம் பேசுகிற மாதிரியே எழுதுவார்.

‘மாப்ளே, புத்தகம் படிச்சேன். உங்க அக்காளுக்கும் படிச்சுக் காட்டுனேன். இதுவரைக்கும் நாங்க சோலியில்லாம ஒரு எடத்துக்கும் போனதில்ல. மலைக்குப் போனாலும் சோலி, மதுரைக்குப் போனாலும் சோலி. சும்மா போயி ஒரு எடத்தப் பாத்துட்டு வந்தா எப்பிடி இருக்கும்னு ரெண்டு பேருக்கும் தோணிப்போச்சு. மாட்டை மகன் பாத்துக்கிறேங்கான். வாரோம்.’

காமாட்சி இதை இரண்டு தரம் படித்தாள். அண்ணன் வருகிறார் என்ற சந்தோஷத்தில் முகம் மலர்ந்துவிட்டு, உடனே என்னைப் பார்த்தாள்.

“நீங்க எழுதினதையெல்லாம் எங்க கூட்டிட்டுப் போயிக் காட்டப் போறீங்க?”

“காட்டலாம், காட்டலாம்” என்றேன். இரண்டு அறையுள்ள எங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கோட்டைச் சலவைக்குப் போட்டேன்.

4

அவர்கள் வருவதாக இருந்த கப்பல் வந்த அன்று கோட்டு மாட்டிக்கொண்டு துறையில் நின்றேன். படகு படகாக ஆட்கள் இறங்கினார்கள். மச்சானைக் காணோம். மறுநாள் கப்பலிலும் காணோம். மூன்றாம் நாள் துறைமுக ஆபீசுக்குப் போனேன். அங்கே தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா இருந்தார்.

“பேசஞ்சரா, கூலியா?” என்றார்.

“ரெண்டுமில்லீங்க. தீவு பார்க்க வர்றாங்க.”

“துரைமாரா?”

“என் மச்சானும் அவர் சம்சாரமும்.”

என் கோட்டையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “பேசஞ்சர் லிஸ்ட்டில் அந்தப் பேர் இல்ல. கூலி லிஸ்ட்டில் பார்க்கட்டுமா?” என்றார்.

“பாருங்க. பரமசிவன்னு பேரு.”

“அதில பேர் இருக்காது. நம்பர்தான் இருக்கும். நம்பர் என்ன?”

“நம்பர் எனக்கு எப்படித் தெரியும்?”

“நம்பர் தெரியாத ஆளை நாங்கள் எப்படித் தேடுறது?”

நானும் ஆபீஸ்காரன். அவர் கேட்டதில் குற்றம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான், இன்னும் கொஞ்சம் மிடுக்காகக் கேட்டிருப்பேன். வணங்கிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் காமாட்சி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போடிக்குத் தந்தி கொடுத்ததில், அவர்கள் புறப்பட்டு வெகுநாளாகிறது என்று மச்சான் மகன் பதில் தந்தி அடித்தான். கடலில் விழுந்தார்களா, காய்ச்சலில் எங்காவது கிடக்கிறார்களா என்று ஒன்றும் தெரியவில்லை. காமாட்சி என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து, விளக்கு வைக்கும் பலகையில், நான் சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டாள். அதோடு சரி.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. முத்திரை மாத்தளையைத் தாண்டிய ஒரு மலைத் தபாலாபீசுடையது.

‘மாப்ளே, நல்லபடியா வந்து சேந்தோம். நீங்க எழுதினது சரிதான், அசல் குரங்கணி மாதிரியேதான் இருக்கு. ஏலத்தோட்டம்கூட இருக்கு. மலை பாத்து முடிச்சாச்சு. கடல் பாக்கக் கீழ எறங்கணும்னு சொன்னா, இவுக விடமாட்டேங்காக. புத்தகத்துல மூணாவதா எழுதியிருந்தது இதுதான் போலருக்கு. வந்து சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.’

5

நடந்தது என்னவென்று பிறகு அவர்கள் வாயாலேயே கேட்டேன்.

போடியிலிருந்து மாட்டுவண்டியில் மதுரை, அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்திருக்கிறார்கள். கப்பலேறுமுன் எல்லோரையும் ஒரு முகாமில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டதற்கு மச்சான், “சுத்திப் பாக்க” என்று சொல்லியிருக்கிறார். எழுதுகிறவரிடம் தோட்ட வேலை, வியாபாரம், கோயில், குடும்பம் என்று நாலு கட்டம்தான் இருந்திருக்கிறது. சுற்றிப் பார்க்கிறவனுக்கு அதில் கட்டம் இல்லை. அப்படி ஓரமாக நில் என்று சொல்லிவிட்டார். இவர்கள் ஓரமாக இரண்டு நாள் நின்றிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் போடிக்கு அருகே தேவாரம் என்ற ஊர்ப் பக்கத்துக் கங்காணி ஒருவர், பேர் முத்துக்கருப்பன், தோட்டத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் இரண்டு பேர் இறங்கி ஓடிவிட்டார்கள். கணக்குக்கு இரண்டு தலை குறைகிறது. பேச்சைக் கேட்டதும் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்திருக்கிறார்.

“அண்ணே, அங்கன நின்னீங்கன்னா தைப்பொங்கலுக்குத்தான் கப்பல் ஏறுவீங்க. நம்ம வரிசையில வந்து நில்லுங்க, வெரசாப் போயிரலாம்.”

“எல்லாரும் ஒரே எடத்துக்குத்தானய்யா?”

“ஒரே தீவுதானண்ணே.”

வரிசையில் நின்றதும் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். சோறு போட்டார்கள். இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளில் கட்டைவிரலை உருட்டச் சொன்னார்கள். நம்பர் அடித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டினார்கள். கரையில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து கவலை எங்களுடையது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தாரே, கரைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்களே என்று மச்சான் பூரித்துப் போயிருக்கிறார். கொழும்பில் கோட்டோடு நான் நின்ற இடத்துக்கு அவர்கள் வரவேயில்லை. வில்லைக்காரர்களைத் தனியாக இறக்கி, தனி ரயிலில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மலையில் முதல் விடியலில் கொம்பு ஊதியிருக்கிறது. கோயில் பூசை என்று நினைத்து மச்சான் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

“அப்பவாச்சும் தெரிய வேணாமா மச்சான்?” என்று கேட்டேன்.

“எனக்குச் சந்தேகம் வந்துச்சு மாப்ளே. உங்க அக்காதான், எல்லாரும் வெட்டுறாக, நாம மட்டும் சும்மா நின்னா மாப்ளைக்கு மரியாதையா இருக்காதுன்னா.”

6

லீவு கேட்டு ரயிலேறி, பிறகு நடந்து, அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இந்தத் தீவின் மலையைப் பார்த்தது அன்றுதான். மரநிழல், ஈரம், காலில் ஒட்டும் சேறு, ஏலச்செடியின் வாசனை. கூசாமல் எழுதிய பொய் அப்படியே உண்மையாக முன்னால் நின்றது.

மச்சான் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் மலையில் நாலு ஆளை வைத்து வேலை வாங்கின மனுஷன். கழுத்தில் தகர வில்லை ஆடியது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“வாங்க மாப்ளே. நீங்க எழுதினதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அட்டைகூட நம்மூரு அட்டை மாதிரியே கடிக்கிது.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணு கேக்கணும். இங்க பாதி ஆளுக நம்ம தேவாரம், கம்பம் பக்கத்து ஆளுகதான். திரும்பிப் போகணும்னுதான் அம்புட்டுப் பேரும் சொல்றாக. அவுகளுக்கெல்லாம் யாரு புத்தகம் எழுதி அனுப்புனா?”

“அவங்களுக்குக் கங்காணி வாயாலேயே சொல்லியிருப்பாரு” என்றேன்.

காய் உலர்த்தும் களத்திலிருந்து வந்த வெள்ளையம்மா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “அப்பக் கங்காணியும் நீங்களும் ஒரே சோலிதான் பாக்குறீக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காயைத் தரம் பிரிக்கிற மாதிரிச் சொன்னார்.

தோட்டத் துரை பங்களாவில் இருந்தார். வயது முப்பதுக்கு மேல் இருக்கும், காய்ச்சலில் வெளுத்த முகம். விஷயத்தைச் சொன்னேன். கட்டைவிரல் வைத்திருக்கிறார்கள், ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல் போனால் போலீசில் பிடித்துக் கொடுப்பது சட்டம் என்றார். முத்துக்கருப்பன் கங்காணி வாசலில் கைகட்டி நின்று, அந்தப் பொம்பளை வந்த பிறகுதான் காய் வெடிக்காமல் காய்கிறது, அவர்களை விட்டுவிடக் கூடாது என்று முறையிட்டார்.

அவர்கள் விருந்தாளிகள் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று துரை கேட்டார். என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சியை எடுத்து நீட்டினேன். எங்கள் புத்தகத்தின் இங்கிலீஷ்ப் பிரதி. துரை புரட்டினார். நாலாவது காரணத்தில் நின்றார்.

“பத்தொன்பது வயதில் இப்படி ஒன்றைப் படித்துவிட்டுத்தான் நானும் வந்தேன்” என்றார். “நான் ஸ்காட்லாந்துக்காரன்.”

அவர் மனசு இளகியிருந்த அந்த ஒரு கணத்தில், இத்தனை வருஷ ஹோட்டல் உத்தியோகம் எனக்குக் கைகொடுத்தது. “புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறோம் ஐயா. விருந்தாளிகள் மலையில் தங்க ஏற்ற இடம் என்று உங்கள் தோட்டத்தின் பேரைப் போடலாம் என்று எங்கள் மானேஜர் நினைக்கிறார். என் மச்சான் எப்படித் தங்கினார் என்பதையும் சேர்த்து” என்றேன். எங்கள் மானேஜருக்கு என் மச்சானையும் தெரியாது, இந்தத் தோட்டத்தையும் தெரியாது.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டம் கூட்டமாகச் சீமைக் கிழவிகள் குடை பிடித்துக்கொண்டு தம் பங்களாவுக்கு வருவது அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அல்லது, விருந்தாளி மண்வெட்டியோடு நின்ற கதையைக் கிளப்பில் படித்துச் சிரிக்கிற முகங்கள் வந்திருக்கலாம். மேஜையிலிருந்து தாளை இழுத்து விடுதலைச் சீட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். மச்சான் வந்ததும், “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. பிடித்துக்கொண்டு வந்தபோது வராத கோபம், கொம்பு ஊதி எழுப்பியபோது வராத கோபம், அப்போது வந்தது.

“யாருக்குத் தகுதியில்ல? முப்பது வருசமா மலையேறுற ஆளு நான். ஒரு வாரமா இவுக தோட்டத்துல நான் வெட்டுன வரிசையில ஒரு புல்லு இருக்கான்னு வந்து பாக்கச் சொல்லுங்க. மாத்தி எழுதாம நான் நகர மாட்டேன்.”

“மச்சான், விட்டாப் போதும், வாங்க.”

“நீங்க பேசாம இருங்க மாப்ளே.”

தோட்டத்துரைகளுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். இந்தத் துரை கேட்டுச் சிரித்துவிட்டார். சீட்டை வாங்கி, கீழே ‘நல்ல வேலைக்காரன், ஆனாலும் போகிறான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் மச்சான் பங்களா வாசலை விட்டு இறங்கினார். இறங்கும்போது, “அவருகிட்ட என்ன சொல்லி விடவச்சீங்க?” என்று கேட்டார். “உள்ளதைச் சொன்னேன்” என்றேன்.

7

வீட்டுக்கு வந்தபோது மழை. தோட்டத்தில் கொடுத்த கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் வண்டிக்காரனிடம் நின்றுவிட்டேன். கதவைத் திறந்தவள் என் மகள் ராஜம். பதினோரு வயது. கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். வாயைத் திறந்தால் இங்கிலீஷ், தெருவில் சிங்களம், சண்டைக்கு மட்டும் தமிழ். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அவள் உள்ளே திரும்பி, “மம்மா, ரெண்டு கூலி வந்து நிக்குது. பின்பக்கம் வரச் சொல்லவா?” என்று சத்தமாகக் கேட்டது வண்டிவரைக்கும் வந்தது.

ஓடிப்போய் வாயைப் பொத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வண்டிக்காரனிடமே நின்றேன். வெள்ளையம்மா அக்கா கம்பளியை விலக்கி அவளைப் பார்த்தார்.

“பின்பக்கம் எங்கிட்டு இருக்கு தாயி? வழியக் காட்டு. வந்ததுல இருந்து எல்லா எடத்துக்கும் நாங்க அந்த வழியாத்தான் போயிட்டு வாரோம்.”

அடுப்படியிலிருந்து வந்த காமாட்சி அண்ணனைப் பார்த்தாள். அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு காமாட்சி. பிள்ள பாத்ததச் சொல்லுச்சு. இதுல அடிக்க என்ன இருக்கு?”

அடி எனக்கு விழ வேண்டியது. யார் முன்வாசலில் வருவது, யார் பின்வாசலில் வருவது என்று தினம் ஹோட்டலில் நடப்பதைச் சாப்பிடும்போது வீட்டில் வேடிக்கையாகச் சொல்லி வந்தவன் நான்தான். பாவாடையும் சடையுமாக ஒரு குழந்தை அதைப் பாடமாகக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ராஜம் அன்று முழுவதும் அறையை விட்டு வரவில்லை. மறுநாள் அத்தையின் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து, “நான் சொன்னது தப்பு” என்றாள். “சரி, மார்க்கெட்டுக்கு வாரியா? எனக்கு இந்த ஊரு பாசை தெரியாது” என்றார் அக்கா. அதற்குப் பிறகு ராஜம் சிங்களத்தில் பேரம் பேச, பக்கத்தில் நின்று அத்தை, “விடாத, இன்னுங் கொஞ்சம் கேளு” என்று தமிழில் தூண்டிவிட, கடைக்காரர்கள் இரண்டு பாஷைக்கும் பயந்தார்கள்.

8

மிச்சமிருந்த காரணங்களைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எனக்கு அது பரீட்சை.

“கறுவாத்தோட்டம்னு எழுதியிருக்கீக. ஒரு கறுவாப்பட்டை மரத்தையுங் காணமே?”

“அது இப்ப பேரு மட்டுந்தான் மச்சான். எல்லாம் துரைமார் பங்களா.”

“சரி” என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பத்தாவது காரணம், எங்கள் ஹோட்டலின் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது. இதற்காகவே எவ்வளவு தூரமும் வரலாம் என்று எழுதியிருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் அங்கே போய் நின்றோம். தாழ்வாரம் முழுக்கத் தொப்பிகளும் விசிறிகளும். வாசலில் தலைப்பாகை கட்டின காவல்காரன். எனக்குத் தெரிந்தவன்தான், என்னைப் பார்த்துச் சிரித்தவன், எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

மச்சான் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, தாழ்வாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே போய் மானேஜரிடம் கேட்கலாம். அவர் என்ன சொல்வார் என்பதும், நாளை என் மேஜை மாடிப்படிக்குக் கீழே இருக்குமா என்பதும் எனக்குத் தெரியும். ஒரு அடி எடுத்து வைத்தேன். அடுத்த அடி வரவில்லை.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மடித்து மடியில் செருகினார்.

“வேணாம் மாப்ளே. காலு உளையுது, அம்புட்டுத் தூரம் ஏற முடியாது. இப்பிடி மணல்லயே உக்காருவோம்.”

ஐந்து படிகள்தான். குரங்கணிக்கு மேலே பொதிமாட்டோடு ஏறுகிறவர் அவர்.

எல்லோரும் மணலில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கோட்டு அழுக்காகும் என்று நின்றுகொண்டிருந்தேன். வெள்ளையம்மா அக்கா மேலே காட்டிக் கேட்டார்.

“அதுல நீங்க உக்கார்ற நாக்காலி எது?”

“நான் அங்க உக்காந்ததில்லக்கா.”

“பன்னெண்டு வருசமாவா?”

“ஆமா.”

அக்கா பக்கத்து மணலில் கிடந்த சிப்பிகளைக் கையால் ஒதுக்கி இடம் பண்ணினார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். ராஜம் அத்தை தோளில் சாய்ந்துகொண்டாள். சூரியன் இறங்கினது. இருட்டும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

“நல்லாருக்கு. இது ஒண்ணு உள்ளபடியே எழுதியிருக்கீக” என்றார் மச்சான்.

9

மறுநாள் கப்பலேறிப் போனார்கள். போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு நான் புதிதாக எதையும் ஊருக்கு எழுதவில்லை.

போன வாரம் என் சித்தப்பா மகன் சின்னச்சாமி போடியிலிருந்து எழுதியிருக்கிறான். பரமசிவன் அண்ணன் சொன்னதைக் கேட்டு நாலு குடும்பம் தீவு பார்க்கப் புறப்பட நினைக்கிறது, அவர் சொல்வதெல்லாம் நிஜந்தானா என்று கேட்டிருக்கிறான். அவர் சொன்னதையும் எழுதியிருந்தான். முகாமில் டாக்டரே வந்து கையைப் பிடித்துப் பார்த்தாராம். கழுத்தில் வில்லை போட்டு, ரயிலும் கப்பலும் சும்மாவே ஏற்றினார்களாம். மலையில் ஒரு துரை, நல்ல வேலைக்காரன் என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தாராம், சீட்டுகூட இருக்கிறதாம். கொழும்பில் மாப்பிள்ளையின் ஹோட்டல் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்தாராம். சூரியன் இறங்குகிறவரைக்கும் ஒரு வெள்ளைக்காரன் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தானாம்.

அந்த நாலு குடும்பத்துக்கும் பதிலாகத்தான் இதையெல்லாம் எழுதினேன். வருகிறவர்கள் வரலாம். என் வீட்டில் இரண்டு அறை உண்டு. முகாமில் வரிசை மாறி நிற்காதீர்கள்.

சின்னச்சாமியின் கடிதத்தைக் காமாட்சிதான் வாய்விட்டுப் படித்தாள். தாழ்வாரம் வந்த இடத்தில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“எங்கண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதேயில்ல” என்றாள்.

“எனக்காகத்தான் சொல்லியிருக்காரு” என்றேன்.

“அது தெரியுது” என்று கடிதத்தை மடித்தாள். “நம்ம வீட்ல ஒரு வாரம் இருந்தாருல்ல. உங்ககிட்டப் பழகிக்கிட்டாரு.”